கார் பிரேக் பேட் மாற்றுவதற்கு முன்: எதை, எந்த வரிசையில் பார்த்து வாங்குவது

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கார்ச் சாமான் கடைக் கவுண்டருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். "எந்த பிராண்ட் நல்லது?", "எவ்வளவு?" இரண்டுமே கடைசியில் கேட்க வேண்டியவை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்த அளவில், பிழையான பேட் வாங்கிப் போனவர்கள் பிராண்டில் ஏமாந்தது குறைவு. காரின் மொடல் கோட் தெரியாமல் வந்திருப்பார்கள், பேட் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் வந்திருப்பார்கள், சிலர் பின்பக்கம் இருப்பது டிரம் என்பதே தெரியாமல் வந்திருப்பார்கள்.

அதனால் இங்கே கடை ஆறாவது படியில்தான் வருகிறது. முதல் ஐந்து படிகளையும் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஜாக், ஜாக் ஸ்டாண்ட், சில்லு நட்டுக்கான ஸ்பனர், ஒரு டோர்ச், ஒரு சின்ன அடிமட்டம் அல்லது வேர்னியர், போன் கெமரா. வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதியும் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி காருக்குக் கீழே கை விடாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் பக்கத்துக் கராஜில் சில்லைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பாஸ்மார் (மெக்கானிக்குகள்) பெரிதாகக் காசு கேட்கமாட்டார்கள்.

1. பேட் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா?

சத்தம் வந்தாலே பேட் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடற்கரையை ஒட்டி இரவில் நிற்கும் கார்களில், காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு ஒரு கரகரப்பு இருக்கும். இரவு மழையிலும் உப்புக் காற்றிலும் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது. இரண்டு சந்தி தாண்டினால் போய்விடும்.

கவனிக்க வேண்டிய சத்தம் வேறு. பல பேட்களில் ஒரு சின்ன உலோக நாக்கு வைத்திருப்பார்கள். தேய்மானப் பொருள் 2, 3 மில்லிமீற்றருக்கு இறங்கும்போது அது டிஸ்க்கில் உரசி, கீச்சென்று ஒரே சீரான சத்தம் தரும். அது வந்தால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. இரும்பும் இரும்பும் அரைக்கிற மாதிரிக் கரடுமுரடான சத்தம் என்றால் நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. அந்தக் காரை ஓட்டாமல் நிறுத்துவதுதான் சரி.

பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் பிரச்சினை டிஸ்க்கில் இருக்கும். அதற்குப் பேட் மட்டும் மாற்றினால் புதுப் பேட்டோடு அதே நடுக்கம் தொடரும்.

சில்லைக் கழற்றி அளந்து பாருங்கள். அளக்க வேண்டியது தேய்மானப் பொருளை மட்டும். அது ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு "இன்னும் 8 மில்லிமீற்றர் இருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. புதுப் பேட்டில் பொருள் மட்டும் சுமார் 10 மில்லிமீற்றர் இருக்கும், சின்னக் கார்களில் கொஞ்சம் குறையலாம். டொயோட்டா சேவைக் கையேடுகளில் குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் 1 மில்லிமீற்றர் என்று இருக்கும். அது கடைசி எல்லை. 3 மில்லிமீற்றரில் மாற்றுவது நல்லது, ஏனென்றால் மெலிந்த பேட் சூட்டைத் தாங்காமல் பேட்டைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பருக்குள் அப்படியே கடத்திவிடும்.

வெளிப்பக்கப் பேட்டைச் சில்லின் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். உள்பக்கப் பேட்தான் பல கார்களில் முதலில் தேயும். இரண்டு பக்கத்து முன்சில்லுகளிலும் உள், வெளி என்று நாலு அளவையும் குறித்து வையுங்கள். மூன்றாவது படியில் அவை தேவைப்படும்.

2. எந்த அச்சு (முன்னா, பின்னா), எந்த வகை?

கவுண்டரில் அடிக்கடி நடக்கிற உரையாடல் இது:

"ஆக்வாவுக்கு பேட் தாங்க அண்ணே."
"முன்னுக்கா பின்னுக்கா?"
"நாலு சில்லுக்கும்."
"பின்னுக்கு பேட் இல்ல தம்பி, லைனர்."

வழமையான ஆக்வா, வெகன் ஆர், அக்சியோ, அலியன் எல்லாவற்றிலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்முக்குள் இருப்பது பிறை வடிவ பிரேக் ஷூ, இங்கே லைனர் என்போம். பிரியஸ் 30, வெசல் போன்றவற்றில் பின்னாலும் டிஸ்க். சில்லின் இடைவெளி வழியாக டோர்ச் அடித்துப் பார்த்தால் பளபளப்பான தட்டு தெரிகிறதா, மூடிய இரும்புச் சட்டி தெரிகிறதா என்று உடனே விளங்கிவிடும்.

நிறுத்தும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால் முன் பேட்தான் சீக்கிரம் தேயும். இரண்டு அச்சையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஓர் அச்சில் இடம் வலம் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். பெட்டியில் நாலு பேட் இருப்பது ஓர் அச்சுக்கு, நாலு சில்லுக்கு அல்ல.

3. பேட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் மூன்று மாதத்தில் "நீங்க தந்த பேட் சரியில்ல" என்று திரும்பி வருவார்கள்.

முதலில் டிஸ்க். அதன் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிப்பு மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பை விட்டு, பேட் படும் இடத்தில் அளக்க வேண்டும். எல்லைக்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கும் புதிது வேண்டும். எல்லைக்கு மேலே இருந்து கோடுகள் மட்டும் ஆழமாக இருந்தால் கடைசலில் மெல்லிதாகச் சீவி ஸ்கிம் பண்ணலாம். ஆனால் ஸ்கிம் பண்ணிய பிறகும் அந்த எல்லைக்கு மேலே நிற்க வேண்டும். கடைசல்காரர் அதைப் பார்ப்பார் என்று விட்டுவிடாமல் நீங்களே அளவைக் கேளுங்கள்.

அடுத்தது, குறித்து வைத்த அந்த நாலு அளவு. உள்பக்கப் பேட் 2, வெளிப்பக்கம் 6 என்று இருந்தால் குற்றம் பேட்டில் இல்லை. கலிப்பர் நகர்வதற்கு உதவும் "பின்" (pin) என்ற உலோகத் தண்டு இறுகிவிட்டது, அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் திரும்பி உள்ளே போக மறுக்கிறது. கொழும்பில் இது அதிகம். மழை நாளில் வீதியில் தேங்கும் தண்ணீருக்குள் விட்டு ஓட்டுகிறோம், பின்னின் ரப்பர் உறை வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே போய் கிறீஸைக் கழுவிவிடும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த பேட் போட்டாலும் அதேபோல ஒருபக்கமாகத்தான் தேயும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மெதுவாக நிறுத்தும்போது மோட்டார்தான் வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்குகிறது, பேட்டுக்கு வேலை குறைவு. அதனால் பேட் பல காலம் நிற்கும். ஆனால் வேலை இல்லாததால் கலிப்பர் பின் இறுகும், டிஸ்க் துரு பிடிக்கும். ஹைபிரிட் காரில் பேட் "தேய்ந்து" மாற்றுவதைவிட, துருவும் இறுக்கமும் வந்து மாற்றுவதை நிறையப் பார்க்கலாம்.

கடைசியாக பிரேக் ஒயில் தாங்கி. பேட் தேயத் தேய ஒயில் மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. பேட் மாற்றுவதற்கு முன் அதை நிரப்பாதீர்கள். புதுப் பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஒயில் மேலே ஏறும். நிரப்பி வைத்திருந்தால் வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும்.

4. காரின் அடையாளம்: பெயர் போதாது

"அக்சியோ 2013" என்று சொன்னால் சரியான பேட் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அக்சியோவிலேயே என்.இசட்.இ. 141, என்.இசட்.இ. 161, ஹைபிரிட்டுக்கு என்.கே.இ. 165 என்று வேறு வேறு கோட்கள். வெகன் ஆரில் எம்.எச். 34, 44, 55. ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டில் ஜி.பி. 1, ஜி.பி. 5. வெசல் ஹைபிரிட் ஆர்.யூ. 3, பெட்ரோல் ஆர்.யூ. 1. ஒரே கோட்டுக்குள்ளும் தரம், சில்லின் அளவு, உற்பத்தி மாதம் என்பவற்றால் பேட் மாறலாம்.

இலக்கத் தகட்டின் ஆங்கில எழுத்துகளை வைத்து வருடம் சொல்வதும் பிழை. அந்த எழுத்துகள் கார் இலங்கையில் பதிவான காலத்தைச் சொல்லும். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ரீகண்டிஷன் காரின் உற்பத்தி வருடம் அதற்கு முந்தியது.

சேசி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்திலிருந்து எடுங்கள். எஞ்சின் அறையின் சுவரில் அல்லது கதவுத் தூணில் இருக்கும் மொடல் தகட்டையும் படம் எடுங்கள். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக் கார்களில் சேசி இலக்கம் மொடல் கோட்டும், ஒரு கோடும், அதன்பின் எண்களும் கொண்டது. ஐரோப்பிய, அமெரிக்க இணையப் பட்டியல்கள் கேட்கும் 17 எழுத்து எண் இந்தக் கார்களில் இருக்காது. அங்கே போய்த் தேடி "என் கார் இல்லையே" என்று குழம்ப வேண்டாம், ஜப்பான் சந்தைக்கான பட்டியலைத் தேடுங்கள்.

அந்தப் பட்டியலில் சேசி இலக்கத்தைக் கொடுத்தால் பாக இலக்கம் கிடைக்கும். முதல் பகுதியைப் பார்த்தே எது என்று சொல்லலாம். டொயோட்டாவில் 04465 முன் பேட், 04466 பின் பேட், 04495 பின் ஷூ. ஹொண்டாவில் 45022 முன், 43022 பின். சுசுகியில் 55810 முன். நிசானில் டி 1060 முன், டி 4060 பின். காரைப் பிரித்துச் சொல்வது இதற்குப் பின்னால் வரும் பகுதிதான், அதனால் முழு இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பிராண்டின் பட்டியலிலும் இந்த இலக்கத்துக்கு இணையானதைத் தேடலாம் என்பதால், கடைக்காரரின் ஞாபகத்தை நம்பத் தேவையில்லை.

பழைய பேட்டைக் கையில் கொண்டுபோனால் போதாதா? கொண்டுபோங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் ஒரே கார் பல கை மாறி, பல கராஜ் பார்த்திருக்கும். இப்போது பூட்டியிருப்பதே பிழையான பேட் ஆக இருக்கலாம். இலக்கம், பழைய பேட் இரண்டும் ஒத்துப்போனால்தான் நிம்மதி.

5. எந்தக் கலவை? நீங்கள் ஓடும் வீதியைக் கேளுங்கள்

பேட்டின் தேய்மானப் பொருளைப் பொதுவாக மூன்று வகையாகச் சொல்வார்கள்.

ஓர்கானிக் எனப்படுவது நார், ரெசின், ரப்பர், கார்பன் முதலியன கலந்தது. மென்மையானது, சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும். அதன் பலவீனம் தொடர்ச்சியான சூடு. ஜப்பான் சின்னக் கார்கள் கம்பனியிலிருந்து வரும்போது பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பேட்தான் இருக்கும்.

செமி மெட்டாலிக்கில் இரும்பு நாரும் தூளும் கணிசமாக இருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும். பதிலுக்குச் சத்தம், கறுப்புத் தூசி, டிஸ்க் தேய்மானம் மூன்றும் கூடும். குளிர்ந்திருக்கும்போது முதல் பிடி கொஞ்சம் மந்தமாக இருக்கலாம்.

செரமிக்கில் செரமிக் நார்கள் கலந்திருக்கும். சத்தமும் தூசியும் குறைவு, ஆயுள் கூட, விலையும் கூட. ஒன்று சொல்ல வேண்டும்: பெட்டியில் செரமிக் என்று அச்சடிப்பதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. மிக மலிவான பெட்டியிலும் அந்தச் சொல்லைக் காணலாம். சொல்லைவிடத் தயாரித்தவர் யார் என்பது முக்கியம்.

இனி உங்கள் ஓட்டம்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு காலி வீதியில் வேலைக்குப் போய் வருகிறவருக்கு வேகம் குறைவு, பிரேக் மிதிப்பது ஏராளம். இங்கே பேட் பெரிதாகச் சூடாவதில்லை. கம்பனி பேட்டுக்கு இணையான ஓர்கானிக் அல்லது நல்ல செரமிக் போதும். "நல்லா பிடிக்கட்டும்" என்று செமி மெட்டாலிக் போட்டால், ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் கீச்சிட்டு, மினுங்கும் அலோய் சில்லு ஒரு கிழமையில் கறுத்துவிடும். அவ்வளவுதான் மிச்சம்.

தெற்கு அதிவேகப் பாதையில் அடிக்கடி போகிறவர் இன்னொரு கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். 50-இல் நிறுத்துவதோடு ஒப்பிட்டால் வேகம் இரண்டு மடங்கு, ஆனால் பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி நாலு மடங்கு. பெயர் தெரியாத மலிவுப் பேட் நகருக்குள் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, அங்கே ஒரு திடீர் பிரேக்கில் கைவிடுவது இதனால்தான்.

மலையகம்தான் உண்மையான சோதனை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, பிள்ளைகளும் பைகளும் நிறைந்த காரை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே வர வேண்டும். பேட் தன் எல்லையைத் தாண்டிச் சூடானால் பிடி குறைந்துகொண்டே போகும், மிதி கெட்டியாக இருந்தும் கார் நிற்காது. மாதம் தோறும் ஹட்டன், நுவரெலியா என்று போய் வருகிற குடும்பங்கள் நல்ல தயாரிப்பாளரின், சூடு தாங்கும் பேட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். வருடத்தில் ஒருமுறை போகிறவருக்கு அது தேவையில்லை. கியரைக் குறைத்து எஞ்சினால் பிடித்துக்கொண்டு இறங்கினால் போதும்.

ஹைபிரிட் என்றால் மலை இறக்கத்தில் மோட்டாரே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பற்றரி நிரம்பும் வரைதான். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிய பிறகு மின்சாரத்தைச் சேமிக்க இடமில்லை, பாரம் பேட்டுக்கு வந்துவிடும். கியர் லீவரில் பி (B) என்ற நிலை இருப்பது அந்த நேரத்துக்குத்தான். அதைத் தொடாமல் ஓட்டும் ஹைபிரிட் சொந்தக்காரர்கள் ஏராளம்.

பேட்டின் விளிம்பில் அச்சடித்திருக்கும் கோட்டையும் பாருங்கள். பலவற்றில் அதன் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்திருக்கும். அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்க முறைப்படி முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிக சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. பழைய பேட் எஃப் எஃப் என்றால் புதியதையும் அதற்கு நெருக்கமாக எடுங்கள். ஜி, எஃப்பைவிடத் தரமானது என்று நினைக்க வேண்டாம். எழுத்து உராய்வை மட்டும் சொல்லும், ஆயுளையோ தயாரிப்பின் ஒழுங்கையோ சொல்லாது. முதல் எழுத்தைவிட இரண்டாவது கீழே இருந்தால், சூட்டில் பிடி குறைகிறது என்று விளங்கிக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஆர் 90 முத்திரை இருந்தால் அது பயனுள்ள தகவல். வட்டத்துக்குள் ஈ எழுத்தும் பக்கத்தில் 90 ஆர் என்ற குறியும் இருக்கும். கம்பனி பேட்டின் செயல்திறனிலிருந்து 15 வீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதி. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைப் பேட்களில் அது இல்லாததைக் குறையாக எடுக்க வேண்டாம்.

6. இப்போது கடைக்கு

போயா நாளிலும் ஞாயிறிலும் பஞ்சிகாவத்தைக்கு வந்து மூடிய கதவைப் பார்க்க வேண்டாம். கிழமை நாளில் காலையிலேயே வாருங்கள், ஆறுதலாகக் கதைக்கலாம். கேட்க வேண்டிய விதம்: மொடல் கோட், முன் அல்லது பின், பாக இலக்கம், எந்த வகை. இவற்றைச் சொன்ன உடனேயே கடைக்காரரின் தொனி மாறும். தெரியாமல் வந்தவருக்குக் காட்டும் பெட்டியை உங்களுக்குக் காட்டமாட்டார்.

கிடைப்பவை ஏறத்தாழ நாலு தட்டு. கார்க் கம்பனியின் பெயருள்ள பெட்டி. கார்க் கம்பனிகளுக்கே பேட் செய்து கொடுக்கும் அட்விக்ஸ், அகெபோனோ, நிஷின்போ போன்றவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பவை. அறியப்பட்ட மாற்றுப் பிராண்டுகள். அப்புறம் பெயரில்லாதவை. என் கருத்தில் பெரும்பாலானோருக்கு இரண்டாவது தட்டுத்தான் காசுக்குப் பெறுமதி. கார்க் கம்பனிப் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அதிகம் போலி வருவதும் அந்தப் பெட்டியில்தான்.

போலியைப் பிடிக்க ஒரே வழி என்று எதுவும் இல்லை, பல சின்ன விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் பாக இலக்கமும் பேட்டின் விளிம்புக் கோட்டும் தெளிவாக இருக்கிறதா? நாலு பேட்டிலும் ஒரே கோட், ஒரே தொகுதி எண் இருக்கிறதா? தேய்மானப் பொருளுக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையில் நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா? விளிம்பு உதிர்கிறதா? பெயின்ட் வழிந்து உராயும் முகத்தில் பட்டிருக்கிறதா? அப்படி ஏதும் கண்டால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுங்கள். நல்ல கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்ப்பதைத் தடுக்கமாட்டார். தடுத்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள், அங்கே கடைகளுக்குப் பஞ்சமில்லை.

பழைய பேட்டை மேலே வைத்து ஒப்பிடுங்கள். நீளம், உயரம், இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் காதுகளின் வடிவம், சத்தம் தரும் உலோக நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, பின்தகட்டில் குமிழ் இருக்கிறதா, இத்தனையும். காது ஒரு மில்லிமீற்றர் பெரிதாக இருந்தாலும் கலிப்பருக்குள் இறுகும். "கிரைண்டர்ல கொஞ்சம் தேய்ச்சா சரி" என்று பாஸ் சொன்னால் சரி சொல்லாதீர்கள். அளவு பொருந்தாத பேட் பிழையான பேட்.

இரண்டு விஷயத்துக்கு நான் உடன்படுவதில்லை. ஒன்று, கழித்த காரிலிருந்து எடுத்த பாவித்த பேட். டிஸ்க் எப்படித் தேய்ந்ததோ அதற்கேற்ப அதன் முகமும் தேய்ந்திருக்கும், எவ்வளவு சூடு கண்டது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, பழைய தகட்டில் புதுப் பொருளை ஒட்டித் தருவது. ஒட்டு விடும் நாள் எது என்று முன்கூட்டித் தெரியாது, அது மலை இறக்கமாக இருந்தால் கதை முடிந்தது.

பேட்டைத் தாங்கும் கிளிப், பேட்டின் முதுகில் வைக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடு இரண்டும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தனியாக வாங்குங்கள். கீச்சிடும் புதுப் பேட்களில் பாதிக்கு மேல் துருப்பிடித்த பழைய கிளிப்பில் ஏற்றப்பட்டவை என்று தாராளமாகச் சொல்வேன். கலிப்பர் பின்னுக்கான சிலிக்கன் கிறீஸ் ஒரு சின்னப் பொதியும் எடுங்கள். சாதாரண கிறீஸ் ரப்பர் உறையை ஊத வைத்துப் பின்னையே இறுக்கிவிடும். ரசீதில் பாக இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள், பூட்டாத பேட்டை எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

7. பூட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

நீங்களே பூட்டுகிறீர்களோ பாஸ் பூட்டுகிறாரோ, இவை நடக்கின்றனவா என்று பாருங்கள்.

காற்று அடித்துத் தூசியைப் பறக்க விடக் கூடாது. பெயரில்லாத பேட்களில் அஸ்பெஸ்டஸ் இருக்காது என்று சொல்ல முடியாது, அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரக்கூடியது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதுதான் முறை.

பிரியஸ், ஆக்வா போன்றவற்றில் பிரேக் அழுத்தத்தை ஒரு மின்பம்பு தருகிறது. சாவி அணைத்திருந்தாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தாலோ மிதியைத் தொட்டாலோ அது வேலை செய்யத் தொடங்கலாம். கலிப்பர் கழன்றிருக்கும்போது அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும், விரலும் மாட்டலாம். ஸ்கேனரால் அந்த அமைப்பை முடக்கி, அல்லது துணை பற்றரியின் எதிர்முனையை (−) கழற்றிச் சற்றுப் பொறுத்திருந்து ஆரம்பிக்க வேண்டும். வெசல் போல மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் பின் கலிப்பரைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் பிஸ்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் பற்சக்கரம் உடையலாம். இந்தக் கார்கள் பழக்கமா என்று பாஸிடம் முதலே கேளுங்கள்.

கலிப்பரை அதன் ஒயில் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். கலிப்பரின் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல கார்களில் ஒன்றல்ல, ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கும். எடுத்த இடத்திலேயே போட வேண்டும். உலோக நாக்கு உள்ள பேட்டைப் பழையது இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். கிறீஸ் கலிப்பர் பின்னுக்கும் பேட்டின் காதுகளுக்கும் மட்டும், உராயும் முகத்தில் ஒரு சொட்டும் படக் கூடாது. உராயும் முகம் டிஸ்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், தலைகீழாகப் பூட்டி வந்த காரையும் பார்த்தாயிற்று.

எல்லாம் முடிந்து காரை நகர்த்துவதற்கு முன் மிதியைப் பலமுறை அழுத்துங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி தரைவரை போகும். இதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்துக் கராஜ் சுவரில் மோதியவர்கள் உண்டு. மிதி கெட்டியான பிறகு ஒயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் தாங்கியின் மூடியில் எழுதியிருக்கும் டொட் 3 அல்லது டொட் 4-ஐ மட்டும் ஊற்றுங்கள்.

8. பேட்டைப் படிய வைப்பது

புதுப் பேட்டும் டிஸ்க்கும் முகத்துக்கு முகம் பொருந்தி, பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாக ஏறிய பிறகுதான் முழுப் பிடி வரும். பூட்டிய கையோடு காலி வீதி நெரிசலுக்குள் போனால் அது ஒழுங்காக நடக்காது.

ஞாயிறு அதிகாலை பேஸ்லைன் வீதி போல வெறிச்சோடிய இடத்துக்குப் போங்கள். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10-க்கு நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடிச் சூடு ஆறியதும் மறுபடி. எட்டுப் பத்து முறை போதும். சூடான நிலையில் மிதியை அழுத்தியபடி நின்றால் பேட் இருந்த இடத்தில் மட்டும் படலம் தடிப்பாக ஒட்டி, பிறகு நடுக்கமாக வெளிப்படும். சமிக்ஞையில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து மிதியை விடுங்கள். ஹைபிரிட்டில் மெதுவான பிரேக்கை மோட்டார் எடுத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே மிதிக்க வேண்டும்.

முதல் 200, 300 கிலோமீற்றருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்க்கலாம். அந்த வாரத்தில் நுவரெலியா போகும் திட்டம் இருந்தால் பேட் மாற்றுவதை ஒரு கிழமை முந்திச் செய்யுங்கள்.

9. பிறகு எப்போது கவலைப்படுவது

முதல் சில நாள் லேசான மணம், மெல்லிய உரசல் சத்தம் சாதாரணம். ஒரு பக்கம் இழுத்தால், ஓட்டிவிட்டு நிறுத்தியதும் ஒரு சில்லு மட்டும் மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால், அல்லது மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் அன்றைக்கே கராஜுக்குப் போங்கள். முதலாவது, இரண்டாவது குற்றம் பெரும்பாலும் கலிப்பர் பின்னிலோ பிஸ்டனிலோ. மூன்றாவது குழாய்க்குள் காற்று.

கீச்சுச் சத்தம் இரண்டு கிழமை தாண்டியும் நின்றபாடில்லை என்றால் பேட்டைக் கழற்றி, கிளிப்பையும் ஷிம்மையும் முதலில் பாருங்கள். அவை ஒழுங்காக இருந்து, டிஸ்க்கும் நேராக இருந்தால் மட்டும் ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள்.